மூன்றாவது சீட்டு

லண்டனில் ஒரு ஆங்கில அகராதி ஆபீசில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு வந்த சொற்களைக் கேட்டால் சிரிப்பீர்கள்: காண்டாமிருகம், முடக்குவாதம், முள்ளங்கி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், போனால் போகிறது என்று இரண்டு. எல்லாம் இங்கிலீஷில் 'ஆர்' எழுத்துச் சொற்கள். அந்த எழுத்தில் எல்லோரும் கண்வைத்திருந்த சொல் ஒன்றே ஒன்றுதான். ரன்.

மனிதன் ஓடினாலும் ரன், ஆறு பாய்ந்தாலும் ரன். மூக்கு ஒழுகும், துணியில் சாயம் இறங்கும், கடை நடக்கும், காலுறையில் இழை விட்டுக்கொண்டே போகும், எல்லாம் அதே ரன். தேர்தலுக்கு எங்கள் நாட்டில் நிற்கிறார்கள், அமெரிக்காவில் ஓடுகிறார்கள். அந்தச் சொல்லை முடித்தவள் பெயர் ஆபீஸ் இருக்கும்வரை இருக்கும். அது எனக்குத்தான் என்று நான் தீர்மானமாக இருந்தேன்.

தலைமை ஆசிரியர் ஓக்‌ஷாட் அதைத் தூக்கி பிலிப்பா லஸ்க்கிடம் கொடுத்தார். வந்து முழுதாக நாலு வருஷம் ஆகாதவள்.

"மிஸ் ஹோல்ராய்ட், உங்களுக்குன்னு ரப்பர்ங்கற சொல்ல எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் என்னிடம், ஏதோ பரிசு கொடுப்பதுபோல.

நீள மேஜை முழுக்க அவளுடைய சீட்டுக் குவியல்கள். அச்சான புத்தகங்களிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக எழுதி, வருஷம் போட்டு, நாடெங்கும் உள்ள வாசகர்கள் தபாலில் அனுப்பும் சீட்டுகள். ஒரு பொருளுக்கு ஒரு குவியல், குவியலுக்கு ஒரு கூழாங்கல். சீட்டு பறந்துவிடும் என்று அவளுக்காக அந்தக் கோடையில் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நூத்தி எழுபதாவது குவியல், மிஸ் ஹோல்ராய்ட். இந்தச் சொல்லு உக்காரவே மாட்டேங்குது" என்றாள் ஒருநாள்.

"கேட்டு வாங்கினீங்கல்ல, அனுபவிங்க."

"ஐயோ, நான் கேக்கவே இல்லையே. அவராத்தான் குடுத்தாரு."

அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நான் இரண்டு முறை வாய்விட்டுக் கேட்டிருந்தேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் ஒருநாள் தேநீர் வேளையில் அதைச் சொன்னேன். எங்கள் அப்பா வடக்கே லங்காஷயர் மலைப்பக்கம் சீஸ் செய்கிறவர். பால் திரைந்து கட்டியானால் எங்கள் ஊரில் பால் ரன் ஆகிவிட்டது என்போம். அவள் கண் விரிந்தது. "இது எங்கயும் வரலையே" என்று உடனே குறித்துக்கொண்டாள். லண்டன் பெண் ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள் என்று எண்பத்தொரு வயசு அப்பாவுக்கு எழுதிப்போட்டேன். அதற்கப்புறம் அவர் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: நம்ம பேச்சு புஸ்தகத்துல ஏறிடுச்சா?

அடுத்த மாதம் தபால் பிரிக்கும் முறை எனக்கு வந்தது. வடக்கே ஒரு கிராமத்துப் பாதிரியாரிடமிருந்து தடிமனான உறை. மேலே சிவப்புப் பென்சிலில் 'ரன்'. இன்னொரு கட்டு, இன்னொரு பாராட்டு, அவளுக்கு. பிரிக்காமலே என் இழுப்பறையில் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் செருகினேன். ஒரு வாரம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று.

கடைசி அச்சுப்படி வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அது மேஜை மேஜையாகப் போகும். 'என் கையில் சீட்டு எதுவும் இல்லை' என்று ஓரத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன்.

பக்கங்கள் அச்சேறிய அன்று பிலிப்பா என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க, மிஸ் ஹோல்ராய்ட். உங்க அப்பாவோட அந்தப் பால் விஷயத்தப் போட முடியல. மூணு சீட்டு இல்லாம ஒரு பொருளையும் சேக்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு ரெண்டுதான் கெடச்சுது. ஓக்‌ஷாட் சார்கிட்ட மூணு தடவ மல்லுக்கு நின்னு பாத்துட்டேன்."

நான் மேஜைமேலிருந்த ரப்பர் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"பழைய சீஸ் புஸ்தகமெல்லாம் வெச்சிருக்காருன்னு வடக்க ஒரு பாதிரியாருக்குக்கூட எழுதினேன். மனுஷன் பதிலே போடல."

அவள் போனபின் இழுப்பறையைத் திறந்தேன். உறையில் ஏழு சீட்டுகள். அழகான கையெழுத்து, ஏழிலும் பால். மூன்றாவது ஒன்று போதுமாயிருந்தது.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போனேன். அப்பா கையை முழங்கைவரை பால் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, ஏறிடுச்சா?"

ஏழு சீட்டும் என் கைப்பையில்தான் இருந்தன.

"இல்லப்பா. அவ விட்டுட்டா."

கையை உதறித் துடைத்துக்கொண்டார்.

"சரி, பாவம், லண்டன் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். "உன் கையில இருந்திருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேம்ப்பா" என்றேன்.