வரிசை இல்லாத கடை

என் மனைவிக்கு மூச்சிரைப்பு நோய். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்று உண்டு. அது இருந்தால் படுத்துத் தூங்குவாள். இல்லாவிட்டால் உட்கார்ந்தபடியே விடியும்.

எல்லாவற்றையும் அரசே செய்து அரசே பங்கிட்ட காலத்தில், மருந்து வந்ததை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடை வாசலில் வரிசை வளைந்து கிடந்தால் வந்திருக்கிறது. ஆளில்லை என்றால் வரவில்லை. எங்கள் ஆலை இயக்குநர் வீட்டுக்குக் கடையின் பின்வாசல் வழியாக மருந்துப் பெட்டி போவதும் தெரியும். தெரிந்தேதான் நின்றோம்.

ஆட்சி மாறியது. நான் கடைசல் வேலை பார்த்த ஆலையை விற்றார்கள். எனக்குப் பாதி நாள் வேலைதான் மிஞ்சியது. மருந்துக்கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. போகும்போதும் வரும்போதும் வாசலைப் பார்ப்பேன். ஈ, காக்காய்கூட இருக்காது. இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்வேன். இருபத்து மூன்று நாள் அப்படிச் சொன்னேன். அவள் பதறவில்லை. நமக்கு மட்டுமா, ஊருக்கே இல்லை என்பாள்.

மைத்துனன் வந்தான். மருந்து இன்னும் வரவில்லை என்றதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போனான்.

"மாமா, இப்ப யாரு வரிசையில நிக்கிறா? உள்ள போய்க் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வரிசையே இல்லாத கடையில் கேட்க என்ன இருக்கிறது?

போனேன். அலமாரியில் அந்த நீலப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்றாள் கடைப்பெண். விலை என் ஒரு மாதக் கூலி. எத்தனை வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கூட வந்திருந்த மைத்துனன் தன் சட்டைப்பையைத் துழாவினான். நான் பார்க்காததுபோல் நின்றேன். அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெறுங்கையோடு திரும்பியபோது வீட்டில் மனைவி என் முகத்தையே பார்த்தாள். இயக்குநரையாவது இருவரும் சேர்ந்து திட்டித் தீர்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணை என்னவென்று திட்டுவது?

"நாளைக்கு வருதாம்," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த மடக்கு முக்காலியை இழுத்துத் தூசி தட்டினாள். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

"இருட்டோட போயிடுங்க. பின்னாடி நின்னா தீந்துடும்."

போனேன். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலியை விரித்து உட்கார்ந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. பெட்டிகளை எண்ண முடிந்தது. விடிந்து வெகுநேரமாகியும் எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.