கேம் பெட்டியின் மனந்திரும்புதல்

சித்தூரில் எங்கள் ஆலயமணி மாலை ஏழு மணிக்கு அடிக்கும். அடித்ததும் எங்கள் வீட்டில் வெளிச்சம் விடுகிற திரை எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. டிவி, கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் அணைந்த பிறகுதான் குடும்ப ஜெபம். இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான். நிறைவேற்றுகிறவனும் நானே. முதல் அடிக்கு எழுந்தால் மணி ஓய்வதற்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவேன். ஒரு முறை விருந்துக்கு வந்த போதகர் ஐயாவின் செல்போனையே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து அணைத்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார்.

என் பெயர் அசரியா. கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு சூப்பரிண்டெண்டு. முதல் வேலையால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பினேன். இரண்டாவது வேலையால் பிள்ளைகளைத் தெரியும் என்று நம்பினேன். 2010ஆம் வருஷம் ஒரே சாயங்காலத்தில் இரண்டு நம்பிக்கையும் போயிற்று.

எங்களோடு இருக்கும் கேசியா என் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி மகள். தம்பி இஸ்ரேலும் அவன் மனைவியும் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை செய்கிறார்கள். அவன் கார் ஓட்டுகிறான், அவள் சமைக்கிறாள். குழந்தையை ஐந்து வயதில் எங்களிடம் விட்டுப் போனார்கள். போன முறை இஸ்ரேல் லீவில் வந்தபோது கேசியா தன் அத்தையின் புடவைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வெளியே வரத் துணிந்த நேரம் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

போய்ச் சேர்ந்ததும் கையில் பிடித்து ஆடுகிற நீல நிறக் கேம் பெட்டி ஒன்றை அனுப்பினான். அதில் மலைப்பாதையில் கார் ஓட்டும் பந்தயம் இருந்தது. அவனோடு தங்கியிருந்த ஒருவரிடமும் அதே பெட்டி இருந்ததால், வெள்ளிக்கிழமை லீவில் இஸ்ரேலும் அதே பந்தயத்தை ஆடினான். அதுவரை அவர்கள் போன் பேச்சு, "துன்னியா, படிக்கிறியா, அத்தைகிட்ட குடு" என்பதோடு முடிந்துவிடும். இப்போது நான் போன் கார்டு தீர்ந்துவிடுமே என்று கவலைப்படும் அளவுக்கு நீண்டது.

"நைனா, அந்த மூணாவது வளைவுல பிரேக் புடிக்காத. கியர மட்டும் கொற."

"கொறச்சேன்மா. பள்ளத்துல போயி விழுந்துக்கினு கீறேன்."

"நீ வா. நானே காட்டறேன்."

குவைத்தில் கார் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குச் சித்தூரிலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். இந்த முறை அவன் வந்ததும் பக்கத்தில் உட்கார்த்திவைத்து அந்த வளைவைக் காட்டுவதாக ஏற்பாடு. அதை எனக்கும் தினம் ஒரு தடவை சொல்வாள். வேறு எதைப் பற்றி அவனோடு பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

இங்கேதான் என் பக்தி உள்ளே நுழைந்தது. சில மாதங்களுக்கு முன் ஓய்வுநாள் பள்ளியில் கேம் பெட்டிகளைப் பற்றி நான் ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். காலத்தைத் திருடும் கள்வன் என்றேன். என் வீட்டிலேயே ஒரு கள்வன் குடியிருப்பது உறுத்திக்கொண்டிருந்தது. அப்போது இன்டர்நெட்டில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றிவிட்டால் அதில் புத்தகம் படிக்கலாமாம். தமிழ் வேதாகமத்தையே ஏற்றிவிடலாம். கள்வனை அடித்துத் துரத்துவதைவிட மனந்திருப்புவது மேல் அல்லவா?

"மாமா, அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்றாள் கேசியா.

"கம்ப்யூட்டர் கடை வெச்சிக்கினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

அன்று சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை இஸ்ரேல் வருகிறான். கேசியா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைச் சார்ஜரில் சொருகி, சொன்னபடியெல்லாம் செய்து மாற்றத்தைத் தொடங்கினேன். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டது. கீழே, அணைக்காதீர்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை நான் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். கேசியாவிடம், "பாரு, இதைத் தொடவே கூடாது" என்றும் சொன்னேன்.

ஆலயமணி அடித்தது.

என் கால்கள் எழுந்தன. டிவியை அணைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். செல்போனை அணைத்தேன். கேம் பெட்டியின் பொத்தானை மேலே தள்ளினேன். அது அணைய மறுத்தது. அது பிடிவாதம் பிடித்தது. நான் அதைவிடப் பிடிவாதக்காரன். விளக்கு சாகும்வரை பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த அமைதியான வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கினேன்.

கேசியா அழுதுகொண்டிருப்பது ஆமென் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜெபத்தில் உருகிவிட்டாள் என்று முதலில் நினைத்தேன்.

அதன்பின் பெட்டியை எத்தனை முறை போட்டாலும் பச்சை விளக்கு ஒரு கணம் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும், விளக்கும் போய்விடும். கேசியா திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஞானசௌந்தரி அவ்வளவு நல்லவள் அல்ல.

"கேம மனந்திருப்பறேன்னு பரலோகத்துக்கே அனுப்பிட்டீங்க. என் தம்பி வந்தா அவனும் அந்தப் பொண்ணும் ஆளுக்கொரு செவுத்தப் பாத்துக்கினு ஒக்காரட்டும்."

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஹரிபாபுவுக்கு இந்த வைத்தியம் தெரியும் என்று கேள்விப்பட்டு மறுநாள் காலை போன் செய்தேன்.

"சேசேஸ்தா சார், பண்ணிடலாம்" என்றார் அவர். "ஆனா இன்னொரு பெட்டி வேணும். உயிரோட இருக்கறது. அதுல வெச்சிதான் அதோட பாட்டரிய ரிப்பேருக்கு ஏத்தமாரி மாத்தி எழுதணும். அந்தப் பாட்டரியப் போட்டா செத்த பெட்டி எழுந்து, நான் குடுக்கற மெமரி கார்டப் படிக்கும். என்கிட்ட இருந்த பெட்டிய வித்துட்டேன். நீங்க ஒண்ணு புடிச்சிக்கினு வாங்க."

அன்று ஓய்வுநாள் பள்ளியில், "யாரிடமாவது கேம் பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார்கள். செருப்பைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "அது காலத்தைத் திருடும் கள்வன், அண்ணே" என்றான். அவ்வளவு நன்றாகப் போதித்திருந்தேன்.

வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இன்னொரு பெட்டி இல்லாமலே திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். புத்தலப்பட்டு தாண்டும்வரை மடியிலிருந்த பெட்டியின் மேல் கைவைத்து ஜெபித்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் அதை வெடிகுண்டு என்று நினைத்தாரோ என்னவோ, முன்னால் போய் நின்றுகொண்டார்.

ஹரிபாபு கடையில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக மொட்டையடித்த தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காலருகே ஒரு பை. செல்போனில் பாட்டு ஏற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

"இன்னொரு பெட்டி ஏதி சார்?" என்றார் ஹரிபாபு.

"கெடைக்கல."

"மரி எலா சார்? பாட்டரி இல்லாம நான் இன்னா பண்றது?"

நான் செத்த பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். ஸ்டூலில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"இதே மாரி எங்க வீட்டுக்காரரு வெச்சிருக்காரு. கருப்பு" என்று பையைத் திறந்தாள். "லாரில போவாரு. லோடுக்குக் காத்துக்கினு இருக்கும்போது இத ஆடிக்கினே இருப்பாரு. நடந்து மல ஏறினதுல முட்டி வீங்கி, சத்திரத்துல படுத்துக்கினு கீறாரு. சார்ஜ் ஏத்திக்கினு வான்னு குடுத்தாரு. இப்பதான் ஏத்திக்கினு வந்தேன்."

ஹரிபாபு அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அரே, இது நான் சாஃப்ட்வேர மாத்திக் குடுத்ததுதான். வடமாலபேட்ட சிரஞ்சீவிது. இதுல ஆவும். ஆனா அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். பாட்டரிய மாத்தும்போது எதனா தப்பா போனா, உங்க பாட்டரியும் போயிடும்."

கேட்க எனக்கு வாய் வரவில்லை. நன்கொடை கேட்டு நூறு வீட்டுப் படி ஏறியவன் நான். எல்லாம் ஆண்டவருக்காகக் கேட்டது. கேம் ஆட ஒரு பாட்டரி என்று கேட்டுப் பழக்கமில்லை.

அவள்தான் கேட்டாள். "எப்பிடி இது இப்பிடி ஆச்சி?"

மின்சாரம் போய்விட்டது என்று ஒரு பதில் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். மணி, ஜெபம், பொத்தான், பொத்தானை விடாமல் பிடித்தது, நாளை வரப்போகும் இஸ்ரேல், மூணாவது வளைவு, எல்லாம். ஹரிபாபு மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மொட்டைத் தலையைத் தடவினாள்.

"சாமி கும்புடறதுக்குத்தான அணச்சீங்க?"

"ஆமாம்மா. ஆனா நீங்க கும்புடற..."

"எந்தச் சாமின்னு நான் கேக்கலியே." பெட்டியை ஹரிபாபுவிடம் தள்ளினாள். "மாத்துண்ணா. அந்தாளு கேட்டா நான் சொல்லிக்கறேன். மூணு வருசம் நாக்பூரு, நாக்பூருன்னு லாரில போனவரு. எம் பொண்ணும் கதவுக்குப் பின்னால நின்னுதான் அவரப் பாத்துச்சி."

அவள் பெயர் பிரியங்கா என்பதைப் பிறகு பாட்டு ஏற்றிய செல்போனை வாங்கிக்கொள்ள ஹரிபாபு அழைத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். என் பெயரை அவள் கேட்கவேயில்லை.

ஹரிபாபு அவள் பெட்டியிலேயே அதன் பாட்டரியை மாற்றி எழுதினார். அதை எங்கள் நீலப் பெட்டியில் போட்டு, கார்டைச் சொருகினார். ஒரு வாரமாகக் கறுத்துக் கிடந்த திரையில் எழுத்து வந்தது. கோடு ஒன்று நீளத் தொடங்கியது. கீழே அதே வார்த்தை. அணைக்காதீர்கள்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றார் ஹரிபாபு.

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கோடு பாதி போயிருக்கும். மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது, ஹரிபாபுவின் கம்ப்யூட்டர் செத்தது, கடை முழுக்க இருட்டு. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு எதிர்க் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் கத்தறீங்க?" என்றார் ஹரிபாபு. "அது கரெண்ட்ல ஓடல. அந்தம்மா பாட்டரில ஓடிக்கினு கீது."

பார்த்தேன். அந்த இருட்டில் உள்ளங்கை அகலத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கோடு நிற்கவில்லை. முன்பின் அறியாத ஒருத்தியின் பாட்டரி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ பிரசங்கத்துக்கு உதாரணம் தேடி அலைந்திருக்கிறேன். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கைகள் மரத்துப்போனதுதான் காரணமாக இருக்கலாம்.

மின்சாரம் திரும்பியதும் பாட்டரியைப் பழையபடி மாற்றி அவள் பெட்டியில் போட்டுக் காட்டினார் ஹரிபாபு. அதுவும் எரிந்தது. எங்கள் பாட்டரியைப் போட்டதும் நீலப் பெட்டியும் எரிந்தது. "இப்ப உங்க பைபிளும் ஏத்தலாம் சார். நீங்க ஆசப்பட்ட சாஃப்ட்வேரு தானா வந்துடுச்சி" என்றார். வேண்டாம் என்று கைகூப்பினேன். அச்சடித்த வேதாகமம் வீட்டில் நான்கு இருக்கிறது. எதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை.

பிரியங்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "உங்க வீட்டுக்காரர் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றேன். "குடுத்துக்கினுதான கீறோம்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் இஸ்ரேல் வந்தான். கேசியா அத்தையின் பின்னால் போய் நின்றாள். அவன் பேரீச்சம்பழப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தான். மத்தியானம்வரை இருவரும் என்னோடுதான் பேசினார்கள். சாயங்காலம் அவள் மெதுவாகப் பெட்டியை எடுத்துவந்து அவன் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பெட்டியின் மெமரி கார்டில் இருந்த அவள் ஆட்டம் அப்படியே இருந்தது. முதல் வளைவில் அந்த முழம் அரை முழமாயிற்று. அவன் பள்ளத்தில் விழுந்தபோது அவள் அவன் தோள்மேல் சாய்ந்து சிரித்தாள்.

மறுபடி அவன் மூன்றாவது வளைவை நெருங்கும்போது ஆலயமணி அடித்தது.

நான் எழுந்துவிட்டேன். டிவியை அணைத்தேன். செல்போனை அணைத்தேன். அவர்கள் எதிரில் போய் நின்றேன். கேசியா என் கையைப் பார்த்தாள்.

"குடுத்துடறோம் மாமா, பரவால்ல" என்றான் இஸ்ரேல்.

"வேணாம். அணைக்காதீங்கன்னு போட்டா அணைக்கக் கூடாது."

"அப்பிடி ஒண்ணும் போடலியே மாமா" என்றாள் கேசியா.

"எனக்குத் தெரியுது. முடிச்சிட்டு வாங்க."

ஞானசௌந்தரி எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மணி ஓய்ந்து வெகுநேரம் கழித்து, வளைவைத் தாண்டிய பிறகுதான் வந்தார்கள். அன்று ஜெபத்தில் வடமாலபேட்டை லாரி டிரைவர் ஒருவரின் முழங்காலுக்காகவும் வேண்டிக்கொண்டேன். யார் அது என்று இஸ்ரேல் கண்ணைத் திறந்து கேசியாவைப் பார்த்தான். அவளும் கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். நானும் திறந்து வைத்திருந்ததால்தான் அது எனக்குத் தெரிந்தது.