சிவப்புப் பென்சிலும் மேல்காற்றும்

1

"அப்படி ஒரு காத்தே கிடையாதும்மா, என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல—"

"பலூன் போச்சே சார், ராடார்ல நான் கண்ணெடுக்காம—"

"—பார்த்ததில்லைங்கறேன்!"

"—பார்த்தேங்கறேன்!"

கதை இப்படித்தான் காதில் விழுந்தது, 1984 கோடையில், கரோல் பாக் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து. முகம் தெரியவில்லை. ஆகவே பெயர்கள் என்னுடையவை. வானிலை பலூன் விடும் ஆபீஸ் ஒன்றில் ஜோதிலிங்கம் அதிகாரி. பூங்கோதை அவருக்குக் கீழே பலூனைப் பின்தொடர்ந்து காற்றின் வேகத்தைக் குறிப்பவள்.

2

'போன வருஷம் ஜனவரியில் தில்லியைப் பனிமூட்டம் போர்வையாக…'

(அடித்துவிட்டேன். பனிமூட்டத்துக்கு இந்தச் சண்டையில் வேலையில்லை.)

போன வருஷம் ஜனவரியில், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பூங்கோதையின் பலூன் கிழக்கே பிய்த்துக்கொண்டு ஓடியது. மணிக்கு முன்னூற்று அறுபது கிலோமீட்டர். எழுதினாள். ஜோதிலிங்கம் சிவப்புப் பென்சிலால் அதை இருநூற்று அறுபதாக்கினார். நம்ப முடியாத எண்ணை நம்பும்படி ஆக்குவது அங்கே வழக்கம். கூடவே 'கவனக்குறைவு' என்று ஒரு மெமோ. அதனால் அவளுடைய பிரமோஷன் நின்றது. வரும் திங்கட்கிழமை அடுத்த பிரமோஷன் பட்டியல்.

இப்போது அவள் பையில் ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் ஜெராக்ஸ். உலகம் முழுக்க மேல்காற்று கிழக்கே வேகம் பிடித்த அந்த ஜனவரியில், பூமியின் சுழற்சி ஒரு துளி மந்தப்பட்டதாம். ஒவ்வொரு நாளும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல நீண்டதாம்.

அதைப் படித்ததும் பூங்கோதை செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் தரையில் வெறுங்காலோடு நின்றாள். இதுதானா மெதுவானது? இந்தத் தரையா?

3

"காத்து பூமியை இழுத்துப் பிடிக்குமாக்கும்! வெளியே சொல்லாதே, சிரிப்பாங்க."

"ஆகே படோ! ஆகே படோ!" முன்னே நகரச் சொல்லி, பின் சீட்டிலிருந்து கண்டக்டர்.

"இந்த பஸ்ஸையே பாருங்க சார். எல்லாருமா சேர்ந்து முன்னாடி ஓடினா, காலால தரையைப் பின்னாடி தள்ளித்தானே ஓடணும்? பஸ் ஒரு இம்மியாவது மந்தமாகாதா? காத்தும் அப்படித்தான். மலையையும் கடலையும் பிடிச்சுத் தள்ளிட்டு ஓடுது. அது வாங்கிக்கிட்ட சுழற்சி, பூமிக்குக் குறையுது. காத்து தணிஞ்சா திரும்பி வந்துடும்."*

"ஒரு பலூனை வெச்சா இதெல்லாம்?"

"ஒண்ணு இல்ல சார், ஊர் ஊரா எத்தனையோ பலூன். எல்லா ஊர்லயும் ஒரு சிவப்புப் பென்சில் இருந்திருந்தா?"

* காற்றின் எடை இடம் மாறினால் பூமியின் அச்சும் லேசாகத் தள்ளாடுமாம். மூச்சு விடுகிற இதே காற்று! எழுதும்போது ஜன்னல் திரை அசைந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

4

ஜோதிலிங்கத்தை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அவர் குரல் விடவில்லை. அது தாழ்ந்து வந்தது:

"இத்தனை வருஷத்துல எத்தனை காத்தைக் குறைச்சேனோ, பூங்கோதை. கணக்கே இல்லை."

முடிவு ஒன்று: மெமோவை வாபஸ் வாங்குகிறார். அப்படியானால் 'திருத்தியது நான்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபத்தாறு வருஷமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முடிவு இரண்டு: வாங்கவில்லை, அவள் இன்னும்…

எழுத வரவில்லை. இனி நான் கேட்டது ஒரே ஒரு பேச்சுதான். மீதி உங்கள் காதுக்கு.

புசா ரோடு ஸ்டாப் வந்தது. வளையல் சத்தம், அவள் எழுந்துவிட்டாள்.

"திங்கக்கிழமை என் ஃபைல் அந்த மெமோவோட உங்க மேசைக்கு வரும் சார். அந்தச் சிவப்புப் பென்சில் பக்கத்துல இருக்குமில்ல?"