கழுத்துக்கு மேலே

1

இந்தக் கதை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டர் பெஞ்சில் கிடைத்தது. நான் பிரிண்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் பூப்போட்ட நைட்டித் துணியில் எதையோ பொதிந்து, பச்சைப்பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க். கூடவே அவர் மனைவி. நான் கண்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "மறதி என்பது மனிதகுலத்தின் மாபெரும்"

மாபெரும் என்ன? தெரியவில்லை. மறுபடியும்: "டிஜிட்டல் யுகத்தின் விளிம்பில் நின்றுகொண்டு"

விளிம்பில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனவே பெரிய பேச்சை விட்டுவிட்டு ஆளைச் சொல்கிறேன்.

2

அவர் பெயர் சந்தனம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். மனைவி செல்வலட்சுமி. கல்யாணமான புதிதில் ராஜபாளையத்தில் வாடகை வீடு, இரண்டு தையல் மெஷின். கேட்லாக்குக்குப் படம் வேண்டும்; மாடலுக்கு வழியில்லை. மொட்டைமாடிக் கொடியில் பெட்ஷீட்டைக் கிளிப் போட்டு மாட்டி, இரவல் கேமராவோடு நின்றார் சந்தனம். எதிரே செல்வலட்சுமி, தொளதொளப்பு தெரியாதபடி முதுகில் குண்டூசி குத்திய நீல நைட்டியில். மலைக்காற்று பெட்ஷீட்டைத் தூக்கித் தூக்கி அவள் தலையில் போட்டது.

"சிரிக்காத ஏட்டி, படம் ஆடுது."

"மூஞ்சியத்தான் வெட்டப்போறியளே. சிரிச்சா என்ன, அழுதா என்ன?"

(சந்தனத்தின் குடும்ப வழக்கப்படி கௌரவம் கழுத்துக்கு மேலே குடியிருந்தது. கழுத்தோடு வெட்டிவிட்டால் மிச்சத்தைக் கடைகடையாகக் கொண்டுபோகலாம், குற்றமில்லை.)

அப்படியே வெட்டினார்கள். தலையில்லாத செல்வலட்சுமி ஊர் ஊராகப் போய் நைட்டி விற்றுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினாள். வெட்டாத படங்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து இந்த டிஸ்க்குக்கு வந்தன. தொழில் விஷயத்தில் சந்தனம் உஷார். டிசைன்களுக்கெல்லாம் வேறு காப்பி உண்டு. சிரிப்புக்கு யார் காப்பி எடுத்து வைக்கிறார்கள்?

இப்போது டிஸ்க் கெட்டுப்போய் டிக் டிக் என்கிறது. வாரண்டியில் புதிய டிஸ்க் முன்கூட்டியே வந்துவிட்டது. கம்பெனி வேலை முழுக்க அதில்தான். பழையதை டிஸ்க் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

"எவன் தொறந்து பாப்பானோ, என் மூஞ்சி அவன் கையில போகக் கூடாது. அம்புட்டையும் அழிச்சிட்டுக் குடுங்க" என்றாள் செல்வலட்சுமி.

அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பது சந்தனத்தின் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். வீட்டுக் கம்ப்யூட்டரோ டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

3

இங்கே வைகுண்டராஜ் வருகிறார். செல்வலட்சுமியின் அண்ணன், ஆடைத் தயாரிப்பாளர் நலச் சங்கத்தின் துணைச் செயலாளர். (இவரை வைத்துக்கொள்வதா என்று இன்னும் சந்தேகம். இவ்வளவு வசதியான முட்டாள் கதையில்தான் கிடைப்பான் என்பீர்கள். சங்கக் கூட்டங்களுக்கு நீங்கள் போனதில்லை.)

"மாப்ளே, இது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்" என்று ஆரம்பித்தார்.

"நைட்டிதான மச்சான்?"

"டேட்டான்னா எல்லாம் டேட்டாதான்!"

"அம்மியில வச்சு நச்சிட்டா என்னண்ணே?" என்றாள் செல்வலட்சுமி.

"சொட்டை விழுந்தா கம்பெனிக்காரன் திருப்பி வாங்க மாட்டான். அந்தக் காந்தத்த எடு."

தைக்கிற இடத்தில் தரையில் விழும் ஒடிந்த ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அதை வாங்கி, டிஸ்க்கை வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று சுற்றினார். கிட்டத்தட்டத் துப்பவும் போனார். பழக்கதோஷம். காந்தத்தில் ஒட்டியிருந்த பழைய ஊசி ஒன்று அவர் கட்டைவிரலைப் பதம்பார்த்தது.

"எல்லாம் போயிட்டு" என்றார், விரலைச் சப்பிக்கொண்டே.

சந்தனம் டிஸ்க்கை வாங்கி நைட்டித் துணியில் பொதிந்தார். அந்த மாடி, அந்தக் காற்று, அந்த வெயில். கடைசியாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே.

4

பழையதை ஒப்படைக்கப் போன சர்வீஸ் சென்டரில், அங்கே வேலை பார்க்கும் பியூலா டிஸ்க்கைச் சோதிக்க மெஷினில் மாட்டினாள். டிக், டிக். பிறகு சீராகச் சுற்றியது.

"எல்லாம் அப்படியே இருக்கே அண்ணாச்சி. காந்தமா? அதுக்கெல்லாம் இது மசியாது."

சந்தனம் மூச்சு விட்டார். செல்வலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே சுத்தமா அழிச்சுத் தாரேன். எதாவது எடுக்கணும்னா இப்பவே சொல்லிருங்க. ஆனா எடுக்கயில பாதியில நின்னுட்டா பொறவு அழிக்க முடியாது, உள்ள இருக்கறதோடதான் போகும். ரெண்டையும் இது தாங்குமான்னு எனக்குத் தெரியல."

(முடிவு ஒன்று: எடுக்கிறார்கள், பாதியில் நிற்கிறது, செல்வலட்சுமியின் முகம் பெட்டியில் ஏறி ஊர் தெரியாத ஊருக்குப் போகிறது. முடிவு இரண்டு: அழிக்கிறார்கள், இருவரும் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள், பேச்சில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே செல்வலட்சுமியைக் கேட்காமல் எழுதியவை.)

"சரியான டிஸ்க்தானான்னு ஒரு படம் மட்டும் பாத்துக்கிடுதேன்" என்று பியூலா ஒன்றைத் திறந்தாள்.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வானம். மலை. பறக்கும் பெட்ஷீட்டின் ஓரம். கலைந்த முடி, நெற்றி, இடுங்கிய கண்கள், வாய்நிறையச் சிரிப்பு. கழுத்து வந்ததும் டிக் என்றது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நைட்டி இல்லை.

இத்தனை வருஷம் ஊர் பார்த்த பாதி போய், ஊர் பார்க்காத பாதி மட்டும் நின்றது.

"இது நானா?" என்றாள் செல்வலட்சுமி.

சந்தனம் அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு, "அழிச்சிரும்மா" என்றார் பியூலாவிடம்.

"செத்த பொறுங்க."

செல்வலட்சுமி கையை நீட்டினாள்.

மேஜையின் அந்தப் பக்கம், அழிக்க ஒரு சொடுக்கு போதும் என்று பியூலாவின் மவுஸ் இருக்கிறது. அதே பக்கம், திரையைப் பார்க்கக் குனிந்த சந்தனத்தின் சட்டைப்பையில், அந்த முகத்தைப் பிடித்து வைக்கக் கேமரா உள்ள போன் எட்டிப்பார்க்கிறது. கழுத்தோடு வெட்டியவர்களின் கதை இது; நான் மணிக்கட்டோடு வெட்டுகிறேன். விரல்கள் எதைத் தொட்டன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். டிஸ்க் மறுபடியும் டிக் டிக் என்கிறது.