தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதவர்

1
இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ராஜபாளையத்தில் நாய்க்குட்டி பார்க்கப் போன இடத்தில் காலில் வந்து ஒட்டிக்கொண்டது.

2
முதலில் எழுதிய தொடக்கம்: “தாய்மை என்னும் மகா சமுத்திரத்தின் கரையில் தனித்து நின்ற அப்பேதை...”

அடித்துவிட்டேன். சிவரஞ்சனி பேதையும் இல்லை, தனியாகவும் இல்லை. தன்னைத் தத்தெடுத்து வளர்த்த வேல்சாமியோடு சேர்ந்து நாய்ப் பண்ணை நடத்துகிறவள். வயது முப்பத்திரண்டு. பெற்றவளின் பெயர் எழுதிய ஒரு தாள் அவளுக்கு வேண்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலக அலமாரியில்* இருக்கிறது.

(*எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். என் மனு ஒன்றும் அங்கே கிடக்கிறது.)

3
அலமாரிக்குக் காவல் ராஜரத்தினம் சார்.

“பதினெட்டு வயசு ஆயிட்டா தத்துப் பிள்ளைக நாங்களே கேக்கலாம்னு விதி இருக்கு சார்.”

“விதி கெடக்கட்டும்மா. வளத்தவுக மனசு நோவாதா?”

“எங்கப்பாதான் வண்டில கொண்டாந்து விட்டாவ. வெளிய நிக்காவ. டாக்டரம்மா கேக்காவ சார், பெத்த அம்மாவுக்கு என்ன நோய் இருந்துச்சுன்னு.”

“அதெல்லாம் ரகசியம். இப்ப நல்லாத்தான இருக்க? பொறவு என்ன?”

இது நாலாவது தடவை. (அவள் விழியோரம் ஒரு துளி... இல்லை. அவள் அழவில்லை. எனக்குத்தான் எழுத ஆசை.)

4
ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு ராஜரத்தினம் வந்தார். சிவரஞ்சனியுடையது அவர் நாலு தடவை பார்த்த முகம்தான். எதிரே மேசை இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கி, காதைத் திருப்பி, பல்லைப் பார்த்தார்.

“தாய் எங்கம்மா?”

“எதுக்கு சார்? குட்டி நல்லாத்தான இருக்கு.”

“நல்லாருக்கே! தாயைப் பாக்காம எவனாச்சும் குட்டி வாங்குவானா? என்ன வம்சம், என்ன நோய், அம்புட்டும் தெரியணும்ல? பேப்பர் இருக்கா?”

இருந்தது. மூன்று தலைமுறைக்கு. குட்டியின் பூட்டி பெயர் ராணி. சிவரஞ்சனி தாளை எடுத்தாள், நீட்டவில்லை.

“அது ரகசியம் சார்.”

கொட்டகைக்குள்ளிருந்து வேல்சாமி, “வளத்தவுக மனசு நோவும்லா!” என்றார்.

ராஜரத்தினம் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். குட்டி அவர் தாடையை நக்கிக்கொண்டிருந்தது.

5
முடிவு அ: மனம் திருந்திக் கோப்பைக் கொடுக்கிறார். (அரசு அலுவலகம் போயிருக்கிறீர்களா?)

முடிவு ஆ: கோபித்துக்கொண்டு குட்டியை விட்டுப் போகிறார். (குட்டிக்கு நல்லது. அவளுக்கு?)

முடிவு இ: அவர்

இல்லை, என்னால் ஆகாது. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவள் ஐந்தாவது தடவையாக வருகிறாள். ராஜரத்தினம் சாரின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். அலமாரிச் சாவி வலப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்கிறதா?