மூன்று மைக்ரான் தூசி

"இந்த ஒரு தடவை கட்டுரை என் பேர்ல போகட்டும், உல்பான். நீ பிரசவ லீவுல இருக்கே, கமிட்டியில கேள்வி வரும். அடுத்த கட்டுரையில உன் பேருதான் முதல்ல."

"கைப்பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு எழுதின நிரல் இது, குவானிஷ். அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லாதே."

"மறப்பேனா? பைத்தியம்!"

அந்தக் கைப்பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. கட்டுரைகள் ஏழு வந்துவிட்டன. ஏழிலும் உல்பானின் பெயர், கடைசியில் நன்றி சொல்லும் வரியில்தான் இருந்தது. கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவன் குவானிஷுக்குப் பதவி உயர்வு என்று ஏதாவது வரும். அவளும் விழுங்கிக்கொள்வாள்.

இன்று அல்மாத்தி நகரிலிருந்து தேர்வுக் குழு ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. புதிதாகத் தொடங்கும் தூசி ஆய்வுப் பிரிவுக்கு யார் தலைவர் என்று மாலைக்குள் முடிவு செய்துவிடுவார்கள். மேடையில் குவானிஷ் படம் ஓட்டினான். அணு இணைவு உலைக்குள், சுவரிலிருந்து உதிர்ந்த டங்ஸ்டன் உலோகத் துகள் ஒன்று, கொதிக்கும் பிளாஸ்மா வாயுவில் ஒளிக்கோடாக ஓடியது. பாதி வழியில் சட்டென்று மேலே திரும்பியது. உல்பானின் கணினி நிரல் கணித்த சிவப்புக் கோடும் அதே இடத்தில் திரும்பியது. அரங்கம் கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த பேராசிரியர் பாகிலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அழகா இருக்கு தம்பி. அது ஏன் அந்த இடத்துல திரும்புது?"

"காந்தப்புலம் வளைக்குதுங்க."

பார்வையாளர் வரிசையில் இருந்த உல்பான் குறிப்பேட்டை மூடினாள். இந்த நிரலை ஒரு நாள் திறந்து படித்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான்.

"எலக்ட்ரானைத்தான் அது வளைக்கும். மூணு மைக்ரான் தூசியை வளைக்கணும்னா உங்க உலை இந்த ஊர் அளவுக்கு இருக்கணுமே!" என்றார் பாகிலா. பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது.

உல்பானின் பக்கத்தில் இருந்த இளம் ஆய்வாளர் மெருயெர்ட் குனிந்து கிசுகிசுத்தாள். "அக்கா, சாருக்கு நிஜமாவே தெரியாதா?"

"ஏழு கட்டுரை எழுதினவருடி. நீயே போய்க் கேளு."

குவானிஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "இந்தச் சில்லறை விவரமெல்லாம் உல்பான் பார்த்துக்குவாங்க. நம்பரைப் போட்டுக் குடுக்கிறது அவங்கதான். கொஞ்சம் சொல்லிடும்மா."

சில்லறை! நான்கு மாதம் தூக்கம் கெட்டுப் போட்ட கணக்கு.

அவள் எழுந்தாள். "பிளாஸ்மாவைப் பார்த்த பக்கம் அதிகமா சூடாகி ஆவியாகுது. அந்த ஆவி துகளை எதிர்ப்பக்கம் தள்ளுது. கணக்குல அதைச் சேர்க்காம ஓட்டினா கோடு நேரா போய்ச் சுவர்ல முட்டும்."

பாகிலா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைச் சேர்த்தது யாரு?"

"எங்க குழுதாங்க," என்றான் குவானிஷ், அவசரமாக. கண்களால் அவளை உட்காரச் சொன்னான். வீட்டில் விருந்தாளிகள் முன்னால் தேநீர் தீர்ந்துவிட்டதைச் சொல்லும் அதே பார்வை.

உல்பான் உட்காரவில்லை.

"குவானிஷ் எர்மெகோவிச்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவனை அவள் அப்படித் தகப்பன் பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. "இந்த நிரலை முதல் வரியிலேர்ந்து எழுதினது நான்தான்னு இவங்க கிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க."