வாசல் வரைக்கும் என் பொறுப்பு

கண்ணாடிப் பட்டறைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். கடல் தாண்டி இருக்கும் சம்பந்தி, தன் புது விடுதிக்கு இருநூறு நிலைக்கண்ணாடி கேட்டார். கப்பலில் ஏற்றிவிட்டால் போதும், அதற்குப் பிறகு உடைந்தாலும் நொறுங்கினாலும் தன் பாடு என்று நியாயமாகத்தான் சொன்னார். இவர் விடுவாரா? பெண்ணைக் கொடுத்த இடத்தில் கௌரவம் என்ன ஆவது?

“உங்க வாசல்ல இறக்குற வரைக்கும் என் பொறுப்பு, சம்பந்தி” என்று போனில் முழங்கிவிட்டார்.

விடுதிக்குச் சாமான் வாங்குவதையெல்லாம் பார்ப்பவள் இவருடைய மகள்தான். அப்பா சொன்னதை அப்படியே ஒப்பந்தமாக அடித்து அனுப்பினாள். கூடவே இன்னும் நாலைந்து தாள்கள். இவர் எந்தக் காலத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்? கோடு போட்ட இடத்திலெல்லாம் போட்டுத் தள்ளினார்.

கப்பல் புயலில் மாட்டியது. விடுதியில் பெட்டிகளைத் திறந்தால் இருநூறும் தூள். பட்டறையே ஆறு மாதம் பாடுபட்ட சரக்கு. சம்பந்தி முதலில் சொன்ன பேச்சையே பிடித்துக்கொள்ளலாமா என்று மகளிடம் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். கையெழுத்தான பேச்சுதான் பேச்சு என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, சரக்குக்கு அப்பா பேரிலேயே இன்சூரன்ஸ் எடுத்திருப்பதாகவும், அந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இருப்பதாகவும் சொன்னாள். இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா வித்தவங்க நேர்ல வந்து பாத்தாதான் பணம் தருவாங்களாம்பா” என்றாள்.

விமானம் என்றாலே இவருக்குப் பயம். கல்யாணமான மகளை ஏர்போர்ட்டில் வழியனுப்பியதோடு சரி; மூன்று வருஷமாக அவள் வீட்டுக்குப் போகாமலிருக்க வேலை, முதுகுவலி, மழை என்று சொல்லாத சாக்கில்லை. இந்த முறை ஒன்றும் எடுபடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டபடி போய் இறங்கினார். மகள் நேரே விடுதிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே கிடங்கில் ஒரு சில்லுகூட இல்லை. இன்சூரன்ஸ்காரர் போன வாரமே வந்து பார்த்து, பணம் தருவதாக எழுதியும் கொடுத்துவிட்டாராம். விவரம் தெரியாமல் இந்தச் செய்தியைப் போட்டு உடைத்தவர் சம்பந்தி. மகள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர்ல வரணும்னு எந்தத் தாள்ல போட்டிருக்கு?” என்று அவளைக் கேட்டார்.

“படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்பா. கண்ணாடிக்கு மட்டும் வாசல் வரைக்கும் பொறுப்பு. என்னை ஏர்போர்ட்டோட விட்டுட்டீங்க.”

கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம்மா?” என்றார்.